கெமிஸ்ட்ரி பிள்ளைகளின் கணக்கு டீச்சர்

மூலக்குளத்தைத் தாண்டி இருக்கும் அந்தக் கல்லூரியின் கணக்குத் துறையில் ஸ்டெல்லாமேரி சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. ஆனால் கணக்கையே பட்டப்படிப்பாக எடுத்த மாணவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. அவர் அவர்களுக்கு வகுப்பு எடுப்பதே இல்லை. வேதியியல், இயற்பியல், தாவரவியல், கம்ப்யூட்டர் என்று வேறு எதையோ படிக்க வந்து, நடுவில் கணக்கையும் படித்தாக வேண்டும் என்று மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்குத்தான் அவர் ஆசிரியர். காகிதத்தில் அதற்குத் துணைப்பாடம் என்று பெயர். பிள்ளைகள் 'அலைடு' என்பார்கள். அலைடு எடுக்கிற ஆசிரியர் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் இருப்பார். பத்திரிகையில் பெயர் இருக்காது.

ஸ்டெல்லாமேரிக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அலெக்சாண்டர் பஞ்சாலைத் தொழிலாளி. மகள் கணக்கில் எம்.எஸ்.சி. முடித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அவளைச் சாமியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "பாதர், எந்தக் கணக்கக் குடுத்தாலும் எம்பொண்ணு போட்டுடும்" என்றார். சாமியார் சிரித்துவிட்டு, "போடுறது இருக்கட்டும் அலெக்சாண்டர். போடத் தெரியாதவனுக்குப் புரிய வைக்குமா?" என்றார். அப்பா திரும்பி மகளைப் பார்த்தார்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அவருக்குக் கொடுத்தது தாவரவியல் வகுப்பு. வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டார். பிள்ளைகள் வரி தவறாமல் எழுதிக்கொண்டார்கள். இது எங்களுக்கு எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். யாரும் கேட்காததுதான் அவரை உறுத்தியது. செடியைப் படிக்க வந்தவர்கள், மாத்திரை விழுங்குகிற மாதிரி, முகம் சுளிக்காமல் கணக்கை விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பருவத்தில் அவர் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். வகுப்பு தொடங்கும் முன், எந்தத் துறைப் பிள்ளைகளுக்கு எடுக்கப்போகிறாரோ அந்தத் துறையின் செய்முறை வகுப்புகளில் ஒரு வாரம் போய் ஓரமாக உட்காருவார். தாவரவியல்காரர்கள் மைதானத்தில் கயிற்றால் சதுரம் கட்டி, அதற்குள் எத்தனை நெருஞ்சி, எத்தனை தும்பை என்று எண்ணும்போது அவரும் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து எண்ணினார். வேதியியல் ஆய்வகத்தில் ஒரு கரைசலின் நிறம் முதலில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் மங்குவதைப் பார்த்துவிட்டு வந்துதான் அந்தப் பிள்ளைகளுக்கு லாகரிதம் என்கிற மடக்கையைத் தொடங்கினார். பாடத்திட்டத்தில் இருந்தது ஒன்றையும் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு துறைக்கும் வேறு வரிசை, வேறு உதாரணம், வேறு கேள்வித்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? ஒரே நோட்ஸ் போதாதா?" என்று கணக்குத் துறைத் தலைவர் தீபலட்சுமி கேட்பார். இருவரும் ஒரே வயது. அதனால் நீ, நான் என்ற பேச்சுதான்.

"கணக்கு ஒண்ணுதான் தீபா. உள்ள வர்ற வாசல்தான் வேற வேற. கெமிஸ்ட்ரி புள்ளைய பாட்டனி வாசல்ல கூப்ட்டா அது வெளியவே நிக்கும்."

அந்த வாசல்களை அடைக்கும் நாள் போன ஜனவரியில் வந்தது. தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டத்தை அவர்களே மாற்றிக்கொள்ளலாம். நான்கு துறைக்கும் தனித்தனியாக அலைடு நடத்துவதில் ஆசிரியர் நேரம் வீணாகிறது என்று முதல்வர் நினைத்தார். ஜூன் முதல் எல்லாருக்கும் பொதுவாக ஒரே பாடம், பெரிய ஹாலில், மைக்கில். மார்ச் மாதப் பாடத்திட்டக் குழுவில் முடிவாகிவிடும்.

"மைக்கும் உனக்குத்தான்" என்றார் தீபலட்சுமி. "வேல போவாது. ஆனா நீ பண்ற மாதிரி பண்ண முடியாது."

"தடுக்க வழியே இல்லையா?"

"தனி வகுப்பால அந்தத் துறைக்கு என்னா லாபம்னு கூட்டத்துல காட்டணும். வாயால சொன்னா எடுபடாது. காட்டணும்."

காட்டிவிடலாம் என்று ஸ்டெல்லாமேரி நினைத்தார். இரண்டாம் ஆண்டு வேதியியல் வகுப்பில் அப்போது புள்ளியியல் நடந்துகொண்டிருந்தது. சில எண்கள் அவற்றின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்று அளக்கும் கணக்கு. திட்ட விலக்கம் என்று பெயர். புத்தகத்தில் இருக்கும் எண்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் தங்கள் கையால் ஆய்வகத்தில் எடுத்த அளவுகளை வைத்தே அதைப் போடச் சொல்லலாம், அந்தத் தாள்களையே கூட்டத்துக்கு எடுத்துப்போகலாம் என்பது அவர் எண்ணம்.

வேதியியல் பிள்ளைகளுக்கு டைட்ரேஷன்தான் அன்றாடச் சோறு. தெரியாத அளவு அமிலம் குடுவையில் இருக்கும். மேலே பியூரெட் என்ற நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நிறமில்லாத கரைசல் வெளிர் ரோஜா நிறமாக மாறும் சொட்டோடு நிறுத்தி, எவ்வளவு காரம் செலவானது என்று குறிக்க வேண்டும். இதை மூன்று முறை செய்து மூன்று அளவு எழுத வேண்டும்.

திங்கட்கிழமை இரண்டாவது மணி. எல்லாரும் போட்டு முடித்தார்கள்.

"பெனிஷா, உனக்கு எவ்ளோ வந்துச்சு?"

"ஜீரோ மேம்."

"பக்கத்துல?"

"எனக்கும் ஜீரோ மேம்."

பெஞ்சு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டே போனார். வகுப்பு முழுக்க பூஜ்யம். கடைசி பெஞ்சில் தமிழ்மாறன் எழுந்து, "மேம், இவ்ளோ ஈசியான கணக்கு நீங்க இதுவரைக்கும் குடுத்ததே இல்ல" என்றான். வகுப்பு சிரித்தது.

ஸ்டெல்லாமேரி அவன் அளவுகளைக் கேட்டார். இருபது புள்ளி இரண்டு, இருபது புள்ளி இரண்டு, இருபது புள்ளி இரண்டு. மூன்றும் ஒன்றாக இருந்தால் சிதறல் எங்கிருந்து வரும்?

"மூணு வாட்டியும் ஒரே சொட்டுல நின்னுதா?"

"ஒத்து வரணும் மேம். ஒத்து வந்தாதான் சார் டிக் போடுவாரு."

"வரலன்னா?"

தமிழ்மாறன் கூரையைப் பார்த்தான். முன் பெஞ்சிலிருந்து பெனிஷாதான் மெதுவாகச் சொன்னாள்: "வர்ற வரைக்கும் பண்ணணும் மேம். சில பேரு அப்படித்தான் பண்றோம்."

"சில பேரு?"

"மீதி பேரு ஒரு வாட்டி பண்ணிட்டு மூணு வாட்டி எழுதுவோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று ஸ்டெல்லாமேரிக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் வண்டி நெல்லித்தோப்பு சிக்னலில் நின்றபோதும் அந்தப் பூஜ்யங்களே கண்முன் நின்றன. அத்தனை முறை அந்த ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளின் கையைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார். அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. ஒத்துப்போகிற அளவை மட்டுமே கேட்கிற இடத்தில் போய், ஒத்துப்போகாததைக் கொண்டுவா என்று கேட்டிருக்கிறார். இந்தத் தாள்களைக் குழுவில் வைத்தால் தனி வகுப்பின் லாபம் நன்றாகவே தெரியும். கூடவே வேதியியல் ஆய்வகத்தின் மானமும் போகும். வைக்காவிட்டால் அவரிடம் காட்ட வேறு எதுவும் இல்லை.

வீட்டில் கணவர் லூர்துபிரகாஷ் கை கழுவிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்கடைக்கு வர்றவன் எல்லாம் அப்படித்தான் மேரி. மைலேஜ் எவ்ளோன்னு கேட்டா அத்தினி பேரும் நாப்பத்தஞ்சும்பான். கம்பெனிக்காரன் சொன்னது அது. இவன் வண்டி என்னா குடுக்குதுன்னு ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான்."

"நீங்க எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

"நானா? 'அண்ணே, அதெல்லாம் கெடக்கட்டும், ஒரு லிட்டர் ஊத்தி ஓட்டிட்டு வாங்க, எங்க நிக்குதோ அங்கருந்து போன் பண்ணுங்க'ம்பேன். பாதிப் பேரு முப்பது கிலோமீட்டர் தாண்டாமலே போன் பண்ணுவான்." கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த வாத்தியார்ட்ட நேரா போயி சொல்லிடு. மத்தவங்க மூலமா தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சிருவாரு" என்றார்.

மறுநாள் காலை வேதியியல் துறைத் தலைவர் கமலக்கண்ணன் அறைக்குப் போனார். ஓய்வு பெற நான்கைந்து வருடமே இருக்கும் மனிதர். ஆய்வகத்தைச் சொந்த வீட்டு அடுக்களை மாதிரி வைத்திருப்பவர். பூஜ்யங்களைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"என்ன மேடம், எங்க லேப் திருட்டு லேப்புன்றீங்களா?"

"இல்ல சார். நான் தப்பான எண்ணக் கேட்டுட்டேன். உங்களுக்கு வேண்டியது ஒத்துப் போற எண்ணு. அதைப் புள்ளைங்க கரெக்டா எழுதியிருக்கு. எனக்கு வேண்டியது ஒத்துப் போகாதது."

"ஒத்துப் போகாதத வச்சிட்டு என்னா பண்ணப் போறீங்க?"

"தெரியல சார். அதுல என்னா இருக்குன்னு பாத்தாதான் தெரியும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். முன்னால் கிடந்த நாற்காலியைக் காட்டினார். ஸ்டெல்லாமேரி உட்கார்ந்து, கேட்க வந்ததைக் கேட்டார். ஒரு செய்முறை மணி வேண்டும். எப்போதும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அமிலம் கொடுப்பதால் ஒருவர் எண்ணோடு இன்னொருவர் எண்ணை ஒப்பிட வழியில்லை. அன்று மட்டும் எல்லாருக்கும் ஒரே அமிலம், ஒரே காரம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை செய்து, வந்ததை எழுத வேண்டும். மார்க் கிடையாது.

"எழுதவே மாட்டானுங்க மேடம். ஒரே அமிலம்னா பக்கத்துப் பியூரெட்ட எட்டிப் பாப்பானுங்க. நானே முப்பது வருஷமா பாக்கறேன்."

"துண்டுச் சீட்டுல எழுதி மடிச்சிக் குடுக்கட்டும். பேரு வேணாம். எந்த மேசைன்னு மட்டும் போடட்டும்."

மேசை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஸ்டெல்லாமேரிக்கும் அப்போது பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எண்ணை வாங்கிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம் ஆய்வகம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. எழுதும் நேரம் வந்ததும்தான் முணுமுணுப்பு தொடங்கியது.

"டேய், உனக்கு எவ்ளோ?"

"சொல்லக் கூடாதுன்னு மேம் சொல்லியிருக்காங்க."

"பெரிய அரிச்சந்திரன். போன வாரம் ஒரு வாட்டி பண்ணிட்டு மூணு வாட்டி எழுதுனவன்தானே நீ?"

"மேம், தப்பா வந்திருந்தா?" என்று பெனிஷா கேட்டாள்.

"தப்பா சரியான்னு இன்னிக்கி யாரும் பாக்கப் போறதில்ல. இன்னொரு சொட்டு விட்டுடாத, போதும்."

சீட்டுகளைப் பிரித்து ஸ்டெல்லாமேரி கரும்பலகையில் புள்ளி வைத்தார். கீழே பத்தொன்பது புள்ளி நான்கிலிருந்து இருபது புள்ளி ஐந்து வரை ஒரு கோடு. எந்த அளவு வருகிறதோ அதற்கு மேல் ஒரு புள்ளி. அதே அளவு மறுபடி வந்தால் அந்தப் புள்ளிக்கு மேல் இன்னொன்று. நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரியும் ஒரு குன்று வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். ஒரே அமிலம் என்பதால் அப்படித்தான் வரவேண்டும்.

ஒரு குன்று வரவில்லை. இரண்டு குன்று வந்தது. ஒன்று பத்தொன்பது புள்ளி எட்டைச் சுற்றி. இன்னொன்று இருபது புள்ளி இரண்டைச் சுற்றி. நடுவில் பள்ளம்.

"அமிலம் ஒண்ணுதானே சார்?"

"நானே கலக்குனேன் மேடம். ஒரே பாட்டில்." கமலக்கண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஸ்டெல்லாமேரி சீட்டுகளை மறுபடி எடுத்து, மேசை வாரியாகப் பிரித்தார். இடது குன்று முழுக்க ஜன்னலோர மேசைகள். வலது குன்று உள்பக்கத்து மேசைகள். இரண்டு மூன்று சீட்டுகள் மட்டும் மாறியிருந்தன. அதைச் சொல்லிவிட்டு அவர் கமலக்கண்ணனைப் பார்த்தார். அங்கே ஏன் வித்தியாசம் வருகிறது என்பது கணக்குக்குத் தெரியாது. அந்த ஆய்வகத்தை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

கமலக்கண்ணன் உள்பக்கத்துக் கடைசி மேசைக்குப் போனார். அங்கே தமிழ்மாறனின் குடுவை நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து பெனிஷாவின் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தார். அவளுடையது நிறம் இருப்பதே தெரியாத அளவுக்கு வெளிர். வெளிச்சம் இருக்கும் இடத்தில் முதல் நிறம் கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். மங்கலான இடத்தில் அந்த முதல் நிறம் தெரிவதில்லை. தெரியும் வரைக்கும் சொட்டு விடுகிறார்கள்.

"உள்பக்கம் டியூப்லைட் எப்ப போச்சு?" என்று அவர் கேட்டார்.

"நாங்க சேர்ந்ததுலேர்ந்தே எரியல சார்" என்றான் தமிழ்மாறன்.

கமலக்கண்ணன் நிமிர்ந்து அந்த எரியாத விளக்கைப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லாமேரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரோல் நம்பர்படிதான் ஒக்கார வைக்கிறேன் மேடம். காரத்தோட வலிமைய நானே பாட்டில்ல எழுதி ஒட்டிடறேன். அதனால சொட்டு கூடுனா விடையும் கூடிடும், மார்க் கொறைஞ்சிடும். உள்பக்கம் வர்ற கடைசி நம்பர் பசங்களுக்கு எப்பவும் ரெண்டு மார்க் கம்மிதான். கவனமில்லாத பசங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். திட்டியும் இருக்கேன்."

தமிழ்மாறனுக்குக் காது கூர்மை. "சார், அப்ப எங்க பழைய மார்க்கெல்லாம்?"

"டேய், போடறேன்டா. மொதல்ல பியூரெட்டக் கழுவு."

மார்ச் மாதக் கூட்டத்தில் ஸ்டெல்லாமேரி பேசத் தயாராகத்தான் போனார். இரண்டு குன்றுகளையும் ஒரு அட்டையில் சுத்தமாக வரைந்து வைத்திருந்தார். வகுப்பில் வந்த பூஜ்யங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார். குன்றுகளை மட்டும் காட்டுவது. அது போதாவிட்டால் போதாது. ஆனால் முதல்வர் பொதுப்பாடத்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் கமலக்கண்ணன் எழுந்துவிட்டார்.

"சார், எங்க டிபார்ட்மென்ட்டுக்கு அந்தத் தனி வகுப்பு வேணும்."

"ஏன் சார்? கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஆனா ஹால்ல ஒக்காந்து மைக்ல பேசறவங்களுக்கு என் பியூரெட் எங்க சார் தெரியும்?" அட்டையைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தார். ஆய்வகத்தில் நடந்ததைச் சொன்னார். ஒரு முறை செய்துவிட்டு மூன்று முறை எழுதும் வழக்கத்தையும், யாரும் கேட்காமலே, அவரே சொன்னார். "அது பசங்க மேல தப்பு இல்ல. ஒத்து வந்தாதான் டிக்குன்னு நான் பழக்குனது" என்றார். ஸ்டெல்லாமேரி தலை குனிந்துகொண்டார்.

முதல்வர் அட்டையை நீண்ட நேரம் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் கால அட்டவணை அவர் தலையில். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மணி எங்க இருக்கு? இவங்க பொது வகுப்பும் எடுக்கணும். தனியா எடுக்க உங்க அட்டவணையில இடமே இல்லையே."

"என் தியரி மணில ஒண்ண எடுத்துக்கங்க."

ஒரு மணி நேரத்தை இன்னொரு துறைக்கு விட்டுக்கொடுப்பது, வயல் வரப்பை நகர்த்திக் கொடுப்பதைப் போன்ற காரியம். அந்தக் கல்லூரியில் யாரும் அப்படிச் செய்து பார்த்ததில்லை. தீபலட்சுமி மேசைக்கு அடியில் ஸ்டெல்லாமேரியின் கையைப் பிடித்து அழுத்தினார்.

வேதியியலுக்குத் தனி வகுப்பு என்று முடிவானது. இயற்பியல், தாவரவியல், கம்ப்யூட்டர் மூன்றும் ஹாலுக்குப் போயின. அந்தத் துறைத் தலைவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. தாங்களும் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லையோ என்னவோ.

வெளியே வந்ததும் ஸ்டெல்லாமேரி நன்றி சொல்ல வாயெடுத்தார். கமலக்கண்ணன் கையை ஆட்டி நிறுத்தினார். "நன்றியெல்லாம் வேணாம் மேடம். வர்ற ஜூன்லேர்ந்து மூணு வாட்டி பண்ணி, வந்த மூணையும் அப்படியே எழுதணும்னு சொல்லப் போறேன். ஒத்து வந்தாலும் சரி, வராட்டியும் சரி. பசங்க திட்டுவானுங்க. உங்க பேரையும் சொல்லிடுவேன், சரியா?"

"சொல்லுங்க சார்."

அவர் சொல்லியிருக்கிறார். ஜூன் மாதம் புதிய இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் ஸ்டெல்லாமேரி நுழைந்ததும் பின் பெஞ்சில் கிசுகிசுப்பு. ஒரு பெண் தைரியமாக எழுந்தாள்.

"மேம், 'மூணு வாட்டி மேம்' நீங்கதானா?"

"யாரு சொன்னா?"

"சீனியர்ஸ். உங்களாலதான் லேப்ல அஞ்சு மணி வரைக்கும் நிக்கறோமாம். எங்க பஸ்ஸே போயிடுது மேம்."

"நின்னியா? அப்ப மூணும் வேற வேறயா வந்திருக்குமே. எடு, போட்டுப் பாப்போம்."

பட்டப்பெயரைக் கேட்டு லூர்துபிரகாஷ் இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள் ஒர்க்ஷாப் பையன்களுக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டெல்லாமேரி கோபப்படுவது போல நடித்தார். உள்ளூரப் பெருமைதான்.

அவருடைய செவ்வாய், வியாழன் காலைகள் ஹாலில் கழிகின்றன. மூன்று துறைப் பிள்ளைகளும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மைக் நன்றாக வேலை செய்கிறது. பாடம் எதுவும் விட்டுப்போவதில்லை. அந்த ஹாலில் இதுவரை அவருக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.